நூறு ரூபாய்க்குச் சுண்டுவிரல்

சித்தப்பா சொன்ன ஒரு வார்த்தை சில மாதங்களாக மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு அழகர்கோவிலில் மொட்டை எடுத்துக் காது குத்தினார்கள். பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா என் தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தார். அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணியும் விடுகிறானா, வருஷத் திதியை ஒழுங்காகக் கொடுக்கிறானா, ராமேஸ்வரம் போக முடியாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிற திருப்புவனத்துக்காவது போய்விட்டு வர வேண்டாமா என்று கேட்டார். தம்பி பெங்களூரில் இருக்கிறான், லீவு கிடைப்பதில்லை என்று நான் இழுத்தேன். "அவன் குடுக்கணும்த்தா. அது அவன் கடமை. நீ பொம்பளப் பிள்ள, உனக்கு அதெல்லாம் இல்ல. நீ அப்பாவ நினைச்சுக்கிட்டாப் போதும்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு, "எங்க அண்ணன் மகளுக்கு இன்னும் ரெண்டு துண்டு வை" என்றும் சொன்னார். ஆனாலும் எனக்கு அது உள்ளே இறங்கவே இல்லை. நினைப்பது என்பது திதி கொடுக்க உரிமை இல்லாதவர்களுக்கு மிச்சம் வைத்த சின்ன வேலையா? அதைவிட, நினைப்பது நம் கையில் இருக்கிற காரியமா? வருஷத் திதியன்று காலையில் குளித்துவிட்டு, அப்பா படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டு, விளக்கேற்றி, எதிரே நின்று கண்ணை மூடுகிறேன். அப்பா வருவதில்லை. உலையில் வைத்த சோறு குழைந்துவிடுமா, மகனின் பள்ளி வேன் வந்துவிடுமா என்பதுதான் மனசில் ஓடுகிறது. அந்தப் படம் அடையாள அட்டைக்காக ஸ்டுடியோவில் எடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த அப்பா நின்றுகொண்டே இருப்பவர்.

அழகர்கோவில் ரோடு

அப்பா கண்டக்டர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அது பாண்டியன் போக்குவரத்துக் கழகம். 1972-ல் தொடங்கியது. அதற்கு முன்னால் மதுரைக்காரர்களுக்குப் பஸ் என்றால் டி.வி.எஸ். பஸ்தான், அது போகிற நேரத்தைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1997-ல் கழகங்களுக்கு இருந்த பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயராக ஆக்கினார்கள். அப்பா 2008-ல் ஓய்வு பெறும்வரை, அப்புறமும்கூட, "பாண்டியன்" என்றுதான் சொல்வார். "பாண்டியன்ல டூட்டி" என்று அவர் சொல்லும்போது, ராஜா ஒருவரிடம் உத்தியோகம் பார்ப்பதாகவே சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலும் பெரியார் பஸ் நிலையத்துக்கும் அழகர்கோவிலுக்கும் நடுவில்தான் அவருக்கு வண்டி. எங்கள் வீடு புதூரில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களில் மதியச் சாப்பாட்டை நான்தான் ஸ்டாப்புக்குக் கொண்டுபோவேன். தூக்குச்சட்டியில் சோறு, மேல் கிண்ணத்தில் குழம்பு, ஒரு காகிதத்தில் மடித்த வடகமோ அப்பளமோ. பஸ் வந்து நிற்கும். அப்பா பின்படியிலிருந்து இறங்கி, கூடைக்காரப் பாட்டிகளை ஏற்றிவிட்டு, வலது கையை நீட்டித் தூக்குச்சட்டியை வாங்கிக்கொள்வார். "சாப்பிட்டியா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே டபுள் விசில் கொடுத்துவிடுவார். நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, "மத்தியானம் கேட்டேனே, சாப்பிட்டியா?" என்று மறுபடி கேட்பார். அப்போது பதில் சொல்வேன்.

வலது கையைத்தான் நீட்டுவார், ஏனென்றால் இடது கை ஒருபோதும் காலியாக இருக்காது. அந்தக் கையை நான் இன்றைக்கும் அப்படியே வரைந்துவிடுவேன். உள்ளங்கையில் டிக்கெட் கட்டு, கலர் கலராக, ஒரு தகட்டில் ரப்பர் போட்டுப் பிடித்தது. விரல் இடுக்குகளில் ரூபாய் நோட்டுகள். நோட்டை நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்து, ஒவ்வொரு இடுக்குக்கும் ஒரு மதிப்பு என்று செருகியிருப்பார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. அவர் ஓய்வு பெறுகிற காலத்தில் பத்து, இருபது, ஐம்பது, நூறு. நோட்டுகள் மாறினாலும் விரல் வரிசை மாறவில்லை. அடிக்கடி வந்துபோகிற சின்ன நோட்டு ஆள்காட்டி விரல் பக்கம். பெரிய நோட்டு மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில். கூட்டத்தில் எவன் கை வைத்தாலும் சுண்டுவிரலை ஒரு அழுத்து அழுத்தினால் நோட்டு வராது என்பார். வலது கை டிக்கெட்டைக் கிழிக்கும், தோள்பையில் சில்லறையைத் துழாவும், காதில் செருகிய பேனாவை எடுத்துக் கணக்குத்தாளில் நம்பர் எழுதும். பஸ் குலுங்கும். இடுப்பைக் கம்பியில் சாய்த்து நிறுத்திக்கொண்டு எழுதுவார். அந்தச் சாய்வு வீட்டிலும் வரும். அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி நிலையில் இடுப்பைச் சாய்த்து நின்றுதான் பேசுவார். "உக்காருங்களேன், இங்கயும் என்ன பஸ்ஸா ஓடுது" என்பாள் அம்மா.

கிழித்துப் போட்ட டிக்கெட்

அப்பா எங்களுக்குப் புத்திமதி என்று உட்கார வைத்துச் சொன்னது குறைவு. வேலையிலிருந்து வந்த சில பழக்கங்கள் மட்டும் வீட்டுக்குள் நுழைந்து எல்லார் மேலும் ஒட்டிக்கொண்டன. பஸ்ஸை விட்டு இறங்கியதும் டிக்கெட்டை இரண்டாகக் கிழித்துப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் யாராவது பொறுக்கி மறுபடி நீட்டுவார்கள், பழி கண்டக்டர் மேல் விழும். இறங்குகிறவரை கிழிக்கக் கூடாது, இறங்கிய பிறகு வைத்திருக்கக் கூடாது. எனக்கு இது எந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது என்றால், ஆஸ்பத்திரி டோக்கன், கண்காட்சி நுழைவுச்சீட்டு, ஜவுளிக்கடைப் பார்க்கிங் ரசீது என்று எது கையில் இருந்தாலும் வேலை முடிந்ததும் விரல்கள் தாமாகக் கிழித்துவிடும். போன மாதம் வண்டி நிறுத்துமிடத்தில் ரசீதைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில், வெயிலில், அப்பா வந்துவிட்டார். காக்கிச் சட்டையில் அக்குள் நனைந்து, பேனாவைக் காதில் வைத்துக்கொண்டு, அவ்வளவு பக்கத்தில். வருஷத் திதிக்கு விளக்கேற்றி நின்றபோது வராதவர்.

மீதி எழுதுவதும் அப்படித்தான். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கித் தொகையை எழுதிக் கொடுப்பார்கள் இல்லையா, அப்பா அதை வீட்டிலும் செய்வார். பால்காரருக்கு, இஸ்திரிக்காரருக்கு, தெருமுனைக் கடைக்கு யாருக்கு எவ்வளவு பாக்கி என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்தி வைப்பார். எங்களிடம் வாங்கிய காசுக்கும் உண்டு. உண்டியலிலிருந்து எடுத்த இரண்டு ரூபாய்க்கு என் பெயரைப் போட்டு எழுதியிருப்பார். கொடுத்ததும் அடிப்பார். பயணிகளில் பாதிப்பேர் மீதியை மறந்து இறங்கிவிடுவார்கள். அப்பா மறக்க மாட்டார். படியில் நின்றுகொண்டு, "அம்மா, பச்சச் சேலை, மீதிய வாங்கிட்டுப் போங்க" என்று கத்துவார். ஒருமுறை மூன்றுமாவடியில் இறங்கி நடந்துவிட்ட ஒரு பெரியவருக்கு மறுநாள் அதே நேரத்தில் அதே ஸ்டாப்பில் ஒன்றே கால் ரூபாயைக் கொடுத்தார் என்று டிரைவர் மாமா சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்கு 2021-க்குப் பிறகு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அந்த வருஷம் மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்று உத்தரவு வந்தது. உடனே ஊரடங்கும் வந்துவிட்டதால் சில வாரங்கள் கழித்துத்தான் அம்மா முதன்முதலாக அப்படி ஏறினாள். கண்டக்டரின் பெண்டாட்டியாக இருந்தவள், கண்டக்டர் போன பிறகு காசில்லாமல் போகிறாள். ஏறியதும் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிவிடுவாள். கூட்டத்தில் அந்தத் தம்பி நாலு பேரைத் தாண்டிப் போய்விட்டாலும் விடமாட்டாள். "பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே, எதுக்கும்மா டிக்கெட்?" என்று நானே கேட்டேன். "ஃப்ரீன்னாலும் கிழிக்கணும்டி. எத்தன பேரு போனாகன்னு கணக்கு இருந்தாத்தான அரசாங்கம் கழகத்துக்குக் காசு குடுக்கும்? கிழிக்கலைன்னா அந்த வண்டி காலியா ஓடுனதாத்தான் அர்த்தம்" என்றாள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார். இலவச டிக்கெட் என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அதைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. டிக்கெட்டை வளையலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு உட்காருவாள். இறங்கியதும் இரண்டாகக் கிழிப்பாள்.

பஸ் ஓடாத ரோட்டில்

அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வருகிற பாதையும் அப்பாவின் பஸ் பாதையும் ஒன்றுதான். அழகர் வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்று நின்று வருகிற ரோட்டில் அப்பா தினமும் போய்வந்தார். ஆனால் வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் எதிர்சேவையை, மதுரை ஜனங்கள் அழகரை எதிர்கொண்டு வரவேற்பதை, நிம்மதியாக நின்று பார்த்ததில்லை. சித்திரைத் திருவிழா என்றால் ஸ்பெஷல் வண்டி, ராத்திரி பகல் டூட்டி. ஊர் முழுக்க அழகரைப் பார்க்கப் போகும்போது ஊரை ஏற்றி இறக்க அவர் போய்விடுவார். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது சட்டை விறைத்துப் போயிருக்கும். அழகர் மேல் தண்ணி பீய்ச்சுகிறவர்கள் தோல்பையோடும் நனைந்த துணியோடும் பஸ்ஸில் ஏறுவார்கள்; கொடுக்கிற நோட்டெல்லாம் ஈரம். டெப்போவில் கணக்கு ஒப்படைப்பதற்கு முன்னால் பெஞ்சில் ஃபேனுக்கு அடியில் நோட்டுகளைப் பரப்பிக் காயவைப்பார்களாம். ஈர நோட்டு இரண்டு ஒன்றாக ஒட்டிப்போனால் கணக்கு இடிக்கும், கைக்காசு போகும். எங்களுக்கு அவர் கொண்டுவருவது சர்க்கரை. சர்க்கரைச் செம்பு ஏந்தி வந்தவர்கள் அழகரைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் ஏறும்போது, "இந்தாப்பா கண்டக்டரு" என்று ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். பொரிகடலையும் நாட்டுச்சர்க்கரையும் கலந்தது. தினத்தாளில் பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பாதி கரைந்து காகிதம் ஊறியிருக்கும். காகிதத்தோடு சேர்த்து வழித்து நக்கியிருக்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருஷம்கூட விடவில்லை. புதூரிலிருந்து நடந்தே தல்லாகுளம் போய், பெருமாள் கோவில் பக்கத்தில் இடம் பிடித்து நிற்பார். 2020-ல் கொரோனாவால் திருவிழா நடக்கவில்லை. மீனாட்சி கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, நாங்கள் வீட்டில் செல்போனில் பார்த்தோம். அழகர் ஆற்றுக்கு வரவே இல்லை. அந்த ஜூன் கடைசியில் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். ஜூலையில் ஒரு விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சட்டம். அந்த 20 பேரும்கூட வரவில்லை. தெருவில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்கள். தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போது அழகர்கோவில் ரோட்டில் ஒரு பஸ் இல்லை. அப்பா இருந்தவரை அந்த ரோட்டை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. விண்ணப்பித்து விண்ணப்பித்துப் பார்த்தார். வீடியோ காலில்தான் அண்ணன் முகத்தைப் பார்த்தார். தம்பி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், சிக்னல் விட்டு விட்டு வந்தது, சித்தப்பாவின் அழுகையும் விட்டு விட்டுக் கேட்டது. வாய்க்கரிசி போட முடியாத தம்பி அவர். அமாவாசையும் எள்ளும் தண்ணியும் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். தன் கையால் எதுவும் செய்யாமல் போனதை ஆற்றங்கரையில் யார் கையாலாவது செய்து தீர்க்க வேண்டும் என்று நினைக்கிறார். அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் நினைப்புக்கு அந்தக் கரை வேண்டியிருக்கிறது. நினைப்பதை அவ்வளவு லேசாகத் தூக்கி என் பக்கம் வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

பையனின் இடது கை

இதையெல்லாம் எழுத வைத்தது போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் நடந்தது. என் மகன் எட்டாம் வகுப்பு. வகுப்பு ஆசிரியை ஓய்வு பெறுகிறார் என்று பிள்ளைகள் சேர்ந்து பரிசு வாங்கக் காசு வசூலித்திருக்கிறார்கள். வசூல் பொறுப்பு இவனிடம். ஹால் தரையில் பையைக் கவிழ்த்தான். பத்தும் இருபதும் ஐம்பதும் கசங்கிய நோட்டுகள், ஒரு குவியல் சில்லறை. நான் சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு நோட்டாக எடுத்துத் தொடையில் வைத்துத் தடவி நிமிர்த்தினான். அப்புறம் நீளவாக்கில் மடித்தான். மடித்து இடது கை விரல் இடுக்கில் செருகினான். அடுத்ததையும் அப்படியே. பத்து ரூபாய்க்கு ஒரு இடுக்கு, இருபதுக்கு ஒரு இடுக்கு, ஐம்பதுக்கு ஒன்று. வலது கையால் பேனாவைப் பிடித்துப் பெயர்களை டிக் அடித்துக்கொண்டே போனான். எழுதி முடித்ததும் பேனா காதுக்குப் போனது.

என் கையில் கீரைத்தண்டு அப்படியே நின்றுவிட்டது. அப்பா இறந்தபோது இவனுக்கு எட்டு வயது. அதற்கு முந்தைய வருஷங்களில் தாத்தாவும் பேரனும் ஓயாமல் விளையாடிய விளையாட்டு பஸ். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பொம்மைகளையும் தலையணைகளையும் உட்கார வைத்து, இவன் கண்டக்டர், தாத்தா டிரைவர். சில நாள் தாத்தா பயணி. மீதி வரவில்லை என்று சண்டை போடுவார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி டிக்கெட் கட்டு செய்து கொடுத்திருந்தார். விளையாட்டு நோட்டுகளை அந்தச் சின்ன விரல்களில் செருகிவிடுவார், அவை வழுகி வழுகி விழும்.

"இப்படிப் பிடிக்க எங்கடா கத்துக்கிட்ட?" என்றேன்.

நிமிர்ந்து பார்க்காமலே, "தெரியலம்மா. இப்படித்தானே பிடிப்பாங்க" என்றான்.

"தாத்தாகூட பஸ் விளையாடுவியே, ஞாபகம் இருக்கா?"

கொஞ்சம் யோசித்தான். "நாற்காலி போட்டதா? நீங்க சொல்லித்தான் தெரியும். எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றான். பொய் சொல்லவில்லை. தாத்தா என்றால் அவனுக்கு அந்த ஸ்டுடியோ படமும், வெற்றிலை வாசனையும், ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒரு நாள் தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததும்தான். விளையாட்டு போய்விட்டது. விரலுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அந்த நேரம் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். நிலையில் நின்று இரண்டு நிமிஷம் பேரனின் கையையே பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன். அவள் கிட்டே வந்து குனிந்து, "நூறு ரூவா நோட்டு ஒண்ணு கீழ கெடக்கு பாரு. அத எங்க வைப்ப?" என்றாள். அவன் நோட்டை மடித்து ஆள்காட்டி விரல் பக்கம் கொண்டுபோனான். "அங்க இல்லடா. பத்து முன்னால வரணும், அதான் அடிக்கடி எடுப்ப. நூறு சுண்டுவிரலுக்குப் போகணும். அமுக்கிக்க. ம்ம், இன்னும் இறுக்கி. இப்ப நான் உருவுறேன், வருதான்னு பாப்போம்" என்று நோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. "ஆ, அவ்வளவுதான்" என்றாள். திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா ஒரு நாளும் டிக்கெட் கிழித்ததில்லை. அந்த வரிசை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்குப் பழக்கமாகவில்லையாம். கூட்டத்தில் நோட்டுகள் கலந்துபோய்க் கணக்கு இடித்து, முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தம் ஆகியிருக்கிறது. ராத்திரி வீட்டுக்கு வந்து காலண்டர் தாளை நோட்டு அளவுக்குக் கிழித்து விரலில் வைத்துப் பழகுவாராம். அம்மா எதிரே உட்கார்ந்து, "ஒரு தல்லாகுளம், ரெண்டு மூணுமாவடி" என்று பயணி மாதிரிக் கேட்டு அவசரப்படுத்துவாளாம். கல்யாணமாகி சில மாதமே ஆன இரண்டு பேர் விளக்கடியில் பஸ் விளையாடியிருக்கிறார்கள். இந்தக் கதை எனக்கு இத்தனை வருஷமும் தெரியாது. அம்மாவாகச் சொன்னதும் இல்லை. பேரன் நூறு ரூபாயைத் தப்பான இடுக்கில் வைக்கப்போனபோதுதான் வெளியே வந்தது.

அன்றைக்குத்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது கொஞ்சம் தெளிந்தது. அப்பாவை நான் நினைத்துக்கொள்வதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை எங்கள் எல்லார் உடம்பிலும் கிடக்கிறது. என் விரல் டிக்கெட்டைக் கிழிக்கிறது, அம்மா கணக்குக்காக டிக்கெட் கேட்கிறாள், மகன் நோட்டை மடிக்கிறான். யார் எப்போது செய்தாலும் அவர் வந்து நின்றுவிடுகிறார். வருகிறவர் நாம் படத்தில் போட்டு வைத்த அப்பாவும் இல்லை. காலையில் நாலரைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போனவர், நாள் முழுக்க நின்றதில் கால் நரம்பு சுருண்டு ராத்திரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர். அந்த மனிதரை மகளாக நான் பாதிதான் பார்த்தேன். மீதிப் பாதி பஸ்ஸில் இருந்தது. இப்போது அந்த மீதிதான் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வருகிறது. இதைச் சின்ன வேலை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேட்டுக்கொள்ளாமலே வருவதால் அது திதியைவிடக் கனமாகவே இருக்கிறது. கீரை ஆய்கிற நேரத்தில் வந்து கையை நிறுத்திவிட்டுப் போகிறது.

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். விவாதம் பண்ணுவதற்காக இல்லை, அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் அவர் ஒன்று சொன்னார். தல்லாகுளத்தில் படித்தபோது ஒருநாள் அண்ணன் வண்டியில் ஏறி, டிக்கெட் கேட்க மாட்டார் என்ற தைரியத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாராம். அப்பா எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்து இவர் முன்னால் நின்றாராம். "எங்கிட்ட காசு இல்லண்ணேன்னேன். ஒண்ணும் பேசலத்தா. அவரு சட்டைப்பையிலருந்து காச எடுத்து, என் கண்ணு முன்னாடியே தோள்பையில போட்டாரு. போட்டுட்டு டிக்கெட்டக் கிழிச்சு என் கையில குடுத்தாரு. சட்டைக் காசு வேற, பைக் காசு வேறன்னாரு. அன்னைலருந்து நான் ஓசியில எதுலயும் ஏறுனதில்ல" என்றார். பனியன் கம்பெனியில் ஸ்டோர் சாவி எப்படித் தன்னிடம் வந்தது என்றும் சொன்னார். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். இத்தனை வருஷத்தில் அப்பாவைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

வசூல் பணத்தை மகன் திங்கட்கிழமை சரியாக ஒப்படைத்தான். இரண்டு பேருக்கு மீதி கொடுக்க வேண்டியிருந்தது, பெயரோடு நோட்டுப் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தான். அதற்கப்புறம் அவனுக்குத் தாத்தாவின் வேலை மேல் ஒரு பித்து. சாப்பிடும்போதெல்லாம் அம்மாச்சியை நச்சரிக்கிறான். ஒரு விசில் என்றால் நிறுத்தணும், ரெண்டு விசில் என்றால் போகணும், அது தெரிந்துவிட்டது. டிக்கெட் கட்டில் கடைசி நம்பரை ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஏன் எழுதணும், அதுவும் தெரிந்துவிட்டது. இப்போது ஸ்டாப்புகளை மனப்பாடம் பண்ணுகிறான். நேற்று ராத்திரி தோசைக்கு நடுவில் ஒரே மூச்சில் சொன்னான்: "பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், சுந்தரராஜன்பட்டி, அப்பன்திருப்பதி, பொய்கைக்கரைப்பட்டி, அழகர்கோவில்."

அம்மா தோசைக்கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். "கள்ளந்திரிய விட்டுட்ட. கள்ளந்திரிக்கு டிக்கெட் எடுத்தவுக எங்கடா இறங்குவாக? திரும்ப பெரியார்லருந்து சொல்லு."